தானாகப் போகும் கை

நாங்கள் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். ஏஜென்சி மூலம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்களை பெங்களூரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் எங்கள் அபார்ட்மெண்டில் பலர் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் எதிர் வீட்டுக்காரர் கேக் கொண்டுவந்து நீட்டி வாழ்த்துச் சொன்னபோது அவர் தட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார். நாங்க பௌத்தம். ஆனா கேக் சாப்பிடுவோம்" என்றார்.

சந்தாபுராவில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பார்வையும் மங்கிப்போன பிறகு பகலில் கூட இருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சிஸ்டர் ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி ஏழரை மணிக்கு வந்துவிடுவார். பால்கனியில் நின்று பார்த்தால், கலையாத பனிக்குள் ஒரு மெரூன் ஸ்வெட்டர் மட்டும் மிதந்து வருவதுபோல் இருக்கும். கேட் பக்கம் வந்த பிறகுதான் அதற்குள் ஓர் ஆள் இருப்பது தெரியும். இப்போதும் அவரை நினைத்தால் முதலில் அந்த ஸ்வெட்டர்தான் வருகிறது. முகம் கொஞ்சம் தாமதமாக வந்து சேருகிறது.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். குள்ளம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். மாமாவை ஒற்றை ஆளாகப் புரட்டி, துடைத்து, பவுடர் போட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி சாய்த்து உட்கார வைப்பார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யாராவது "எங்க சாமிக்கு ஆகாது", "எங்க மதத்துல கூடாது" என்று சொன்னால் போதும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "அது புக்குல இருக்கா, பழக்கத்துல இருக்கா?" சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. இந்த பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று விசாரிக்கிற குரல்.

முதல் நாளே அதை அத்தையிடம் கேட்டார். அத்தை, ஜன்னல் திட்டில் தனியாக வைத்திருந்த ஒரு டம்ளரையும் தட்டையும் காட்டி, "இது உங்களுக்கு சிஸ்டர். கிச்சனுக்குள்ள வர வேணாம், வேணுங்கறதை நானே எடுத்துத் தரேன். அவருக்குச் சாப்பாடும் தண்ணியும் மட்டும் நான் குடுத்துக்கறேன். மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கோங்க. தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்டுல அப்படித்தான்" என்றார்.

அதாவது அவர் மாமாவின் மலஜலம் எடுக்கலாம், குளிப்பாட்டலாம், நகம் வெட்டலாம். ஒரு வாய் தண்ணீர் மட்டும் கொடுக்கக் கூடாது. நான் லேப்டாப்பில் முகத்தை வைத்துக்கொண்டு எதுவும் கேட்காததுபோல் இருந்தேன். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"பெரியம்மா, அது புக்குல இருக்கா, பழக்கத்துல இருக்கா?"

அத்தை தடுமாறிப் போனார். "புக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எங்க மாமியார் அப்படித்தான் வச்சிருந்தாங்க."

"சரிம்மா. அப்போ பழக்கம்." தலையாட்டிவிட்டு மாமாவின் படுக்கை விரிப்பை மாற்றப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று.

"புக்குல இருந்தா சண்டை போடலாம் மேடம். எந்தப் பக்கம், யாரு எழுதுனாங்கன்னு கேக்கலாம். பழக்கம்னா சண்டை போட ஆளே கிடையாது. வெயிட் பண்ணணும், அவ்ளோதான்."

எங்களிடம் வருவதற்கு முன் ஒரு கிறிஸ்தவ வீட்டில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். அங்கே படுக்கையில் இருந்த அம்மாள், தேவன் முன்னால் எல்லோரும் சமம் என்று வருகிற இடங்களையெல்லாம் தன் வேதப்புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தாராம். மகனுக்குப் பெண் பார்த்தபோது தரகரிடம் முதலில் கேட்டது என்ன சாதி என்று. சிஸ்டர் தன் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புக்குல இல்ல சிஸ்டர், எனக்கே தெரியும்" என்றாராம். அடுத்த வாரம் இன்னொரு தரகர் வந்தார். அவரிடமும் அந்த அம்மாள் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"பொய்யா அழல மேடம் அவங்க. நெஜமாத்தான் அழுதாங்க. அதான் எனக்குப் புரியல" என்றார் சிஸ்டர்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று என் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த மத்தியானங்கள்தான் எனக்கு அதிகம் நினைவில் இருக்கின்றன. மாமா வாலாஜா பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். பார்வை போன பிறகு அவருக்குப் பெரிய குறை, பக்திப் பாடல்களையும் அடியார் கதைகளையும் படிக்க முடியவில்லை என்பது. சிஸ்டர் படித்துக் காட்டத் தொடங்கினார். சீர் பிரிக்கத் தெரியாது. தடுக்கித் தடுக்கிப் போவார். மாமா குழறுகிற வாயால் திருத்துவார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மீட்டிங்கில் மியூட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காதில் யாரோ ரிலீஸ் தேதி பேசிக்கொண்டிருப்பார்கள். அதன் அடியில் அந்தக் குரல், வாளியில் தண்ணீர் நிரம்புகிற சத்தம் போல, சீராக வந்துகொண்டே இருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டால் எது மழை, எது பாட்டு என்று தெரியாது. சில நாள் நான் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருக்கிறேன்.

அப்படி ஒரு மத்தியானம், வேடன் ஒருவன் தன் வாயில் சுவைத்துப் பார்த்த இறைச்சியைச் சாமிக்குப் படைத்த கதை. சிஸ்டர் பாதியில் நிறுத்தினார்.

"ஐயா, சாமி இதைச் சாப்ட்டாரா?"

"சாப்ட்டார்."

"எச்சில்தானே?"

"எச்சில்தான். அதுல அன்பு இருந்துச்சு. அதனால சாப்ட்டார்." முப்பது வருஷம் வகுப்பில் சொன்ன பதில். மாமாவின் குரல் குழறல் இல்லாமல் வந்தது.

பிறகு பக்கம் திரும்புகிற ஒலி. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் மாமா தண்ணீர் கேட்டார். சிஸ்டர் அறை வாசலில் நின்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை வந்து கொடுத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஆஸ்டின் டவுனில் ஓடு போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. உள்ளே ஸ்டாண்டில் புத்தர் சிலை, பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட தலைவரின் படம், இரண்டுக்கும் ஒரே மாலை. வெளியே சந்தில் அண்டா நிறையக் கூழ். மஞ்சள் தண்ணீர் தெளித்த தரையில் வேப்பிலை ஒட்டிக் கிடந்தது. சிஸ்டர் அம்மனுக்குப் படைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்குச் சொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு விளையாட்டாக ஒரு ஆசை வந்தது.

"சிஸ்டர், இது உங்க புக்குல இருக்கா?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இல்லவே இல்ல மேடம். எங்க தாத்தா தங்க வயல்ல சுரங்கத்துக்குப் போனப்பவே பௌத்தம் ஆயிட்டாரு. வீட்டுப் பொம்பளைங்க கூழை மட்டும் விடல. அதோ நிக்கறாரே பாய், அவரைக் கேளுங்க, இன்னும் நல்லாருக்கும்."

தொப்பி வைத்த, தாடி நரைத்த ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வருஷா வருஷம் கூழுக்கு ராகி மூட்டை தருவது அவர்தானாம்.

"நம்ம அப்பா குடுத்தாங்கோ, நாம குடுக்கறோம். சும்னே கிதாபு, புக்குல எல்லாம் தேடாதீங்கோ மேடம். கிடைக்காது" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார்.

பஸ் ஸ்டாப் வரை சிஸ்டர் கூட வந்தார். "பழக்கத்துல இதுவும் இருக்கு பாருங்க" என்றார் திடீரென்று. "அதான் கஷ்டம். மொத்தமா தூக்கிப் போடவும் முடியல."

ஐப்பசியில் நல்ல மழை. அத்தை ஒரு கல்யாணத்துக்காக நகரத்துக்குள் போய், ஓசூர் ரோட்டில் தண்ணீர் தேங்கி, பஸ்ஸில் மாட்டிக்கொண்டார். நான் ஒரு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் மாமாவுக்கு விக்கல் எடுத்தது. தண்ணி, தண்ணி என்று கேட்டது. நான் எழுந்து போவதற்குள் சிஸ்டரின் குரல் வந்தது.

"பெரியம்மா இன்னும் வரல ஐயா. நான் குடுக்கட்டுமா?"

"கேட்டுட்டே நிக்காத. குடு."

நான் கதவோரம் போய்ப் பார்த்தேன். சிஸ்டர், ஜன்னல் திட்டில் இருந்த தன் டம்ளரில், தன் பாட்டிலிலிருந்து ஊற்றி, மாமாவின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மடக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணை மூடியிருந்தார். வாயோரம் வழிந்ததைத் தன் கையால் துடைத்தார் சிஸ்டர்.

சாயங்காலம் அத்தை நனைந்துபோய் வந்தார். ஈர டம்ளர் மாமாவின் தலைமாட்டில் இருந்தது. அத்தை அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "குடிச்சீங்களா?" என்றார். மாமா, "ம்" என்றார். அத்தை அந்த ஈரப் புடவையோடு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்தை சிஸ்டர் கையில் கொடுத்தார். "ஆறிடப் போகுது, நீயே ஊட்டிடும்மா. பஸ்ல உக்காந்து உக்காந்து எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு." அந்த முதுகுப் பிடிப்பு பிறகு சரியாகவே இல்லை. ஒரு வாரத்தில் சிஸ்டர் கிச்சனுக்குள் போய்த் தானே கஞ்சியைச் சுட வைத்தார். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வேடன் கதை மாமா மனசுல வேலை செஞ்சிருக்கு" என்றேன் நான், ஏதோ கண்டுபிடித்தவள் போல.

"ஐயாவுக்குத் தாகம் மேடம்" என்றார் சிஸ்டர்.

தை பிறந்த பிறகு அவர் பேச்சு குறைந்தது. படிக்கும்போது வரி தவறி, படித்ததையே படித்தார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னார். அவருடைய ஒரே மகள் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். டிப்ளமோ படித்த இடத்தில் ஒரு பையனோடு பழக்கம். ஆனேக்கல் பக்கத்துக் கிராமம், கன்னடக்காரர்கள், நிலம் நீச்சு உள்ளவர்கள், வேறு சாதி. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று இருவரும் வந்து நின்றிருக்கிறார்கள். சிஸ்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். மகள் அவரோடு பேசுவதை நிறுத்திப் பதினைந்து நாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஒரு குரூரமான ஆவலும் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"முடியாதுன்னு சொன்னீங்களே, அது உங்க புக்குல இருக்கா, பழக்கத்துல இருக்கா?"

அவர் மடித்த துண்டை மறுபடி விரித்தார்.

"ரெண்டுலயும் இல்ல மேடம். பயத்துல இருக்கு."

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். கோலார் பக்கம் ஒரு ஊரில் வேலை பார்த்தபோது, இதே மாதிரி நிலம் உள்ள வீட்டுப் பெண்ணோடு பழகினான். ஒரு திங்கட்கிழமை ஏரியில் கிடைத்தான். "கால் வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிக்கிட்டாங்க. அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும்." அவ்வளவுதான் சொன்னார். இத்தனை நாளில் எங்கள் வீட்டில் அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

பையன் விடாமல் வந்திருக்கிறான். கையில் அவர்கள் மதத்துப் பெரியவர்களின் வசனங்கள் அச்சடித்த புத்தகம். "நோடி ஆண்ட்டி, பாருங்க, நம்ம வசனத்துல ஜாதியே இல்ல" என்று பக்கம் பக்கமாகக் காட்டினானாம்.

"நான் கன்னடம் படிப்பேன் மேடம். அவன் காட்டுன எல்லாத்தையும் படிச்சேன். அவ்ளோ நல்லா எழுதியிருக்காங்க. எனக்கு அழுகையே வந்துச்சு. அப்புறம் சொன்னேன், உங்க புக்குல இல்லப்பா, எங்க புக்குலயும் இல்ல. ஆனா உங்க சித்தப்பன் கையில என்ன இருக்கும்னு உனக்குத் தெரியுமான்னு."

மறுவாரம் ஒருநாள் லீவு கேட்டார். உடம்பு சரியில்லை என்றார். உண்மையில் அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறார், மகளிடம்கூடச் சொல்லாமல். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, வெயிலில் நடந்து வந்தவர் போல வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். பையனின் அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். முகம் தெரியாத ஆளுக்குச் செம்பு நிறையத் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுவந்து கொடுத்து, "ஒளகே பன்னி, பிசிலு" என்று கன்னடத்தில், வெயிலைக் காட்டி, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சிஸ்டர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீடு என்று பேச்சு வந்தது. சிஸ்டர் மறைக்கவில்லை. எங்கிருந்து வருகிறார், என்ன ஆட்கள் என்று சொன்னார். மகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அந்தம்மா முகம் மாறவே இல்ல மேடம். அப்படியா அம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. செம்பை வாங்குனாங்க. உள்ள கொண்டு போகல. கை அதுபாட்டுக்குப் போய் வெளியே துவைக்கிற கல்லு மேல வச்சிருச்சு. அவங்க என்னைப் பாத்துப் பேசிட்டிருக்காங்க, கை மட்டும் தனியா போவுது. நல்ல பொம்பளைதான். வெல்லம் குடுத்தாங்களே. நான் யார் மேல கோவப்படறது?"

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தம்பியைப் பற்றியும் அன்றுதான் அவள் முதன்முதலாகக் கேட்டிருக்கிறாள். மகள் அழுதுவிட்டு, "நான் அந்த வீட்டுக்குப் போகலம்மா. அவன்தான் இங்க வரேங்கறான்" என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு பையன் ஒரு மாதம் ஆஸ்டின் டவுனுக்கு ஞாயிறுதோறும் வந்தான். சிஸ்டர் அவனிடம் வசனம் பற்றியோ சாதி பற்றியோ பேசவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். நான்காவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஸ்வெட்டரைக் கழற்றாமலே என் மேஜை பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து சாப்ட்டு முடிச்சு எந்திரிச்சான் மேடம். போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தான். பேசிக்கிட்டே தன் தட்டை எடுத்தான், என் எச்சில் தட்டையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போய்க் கழுவி வச்சிட்டான். எனக்குக் காட்டணும்னு செய்யல. என்ன செஞ்சான்னு அவனுக்கே தெரியாது."

"அப்போ?"

"சரின்னு சொல்லிட்டேன்."

ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பையன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அத்தை ஒரு புடவை கொடுத்தனுப்பியிருந்தார். வெளியே வந்ததும் மகளும் மருமகனும் காலைத் தொட வந்தபோது, சிஸ்டர் அவர்களை ஆசீர்வதித்துக்கொண்டே அவர்கள் தலைக்கு மேலாக வாசல் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதத்தோடு எங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டார். மகளையும் மருமகனையும் விட்டு இரண்டு பஸ் தூரத்தில் இருக்க முடியவில்லை என்றார். கடைசி நாள் மாமாவுக்குத் தலை சீவிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மாமா, "பொண்ணைப் பாத்துக்கோ" என்றார். புதிதாக வந்த பெண்ணிடம் அத்தை தனி டம்ளர் எதையும் காட்டவில்லை. கதை படிக்க மட்டும் அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. மாமா ஏழு மாதம் இருந்தார்.

மாமா இறந்த செய்தியை சிஸ்டரிடம் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் காலை நேராக ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்துவிட்டேன். மருமகன், பொம்மசந்திராவில் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். சிஸ்டர் அவனுக்கு அரை அடி பின்னால் நின்றார். அவனைப் பார்க்கவில்லை. சாலையில் வருகிற ஒவ்வொரு பைக்கையும், ஹெல்மெட்டுக்குள் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அது பழகிப் போயிருந்தது போல. போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். பஸ் வந்தது. அவன் ஏறி, உட்கார்ந்து, கையாட்டினான். பஸ் சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, வளைவில் திரும்பும்வரை அவர் அசையவில்லை.

திரும்பியபோது என்னைப் பார்த்தார். எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத இடத்தில் நான். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியதை நான் பார்த்தேன்.

"யாரு மேடம்? யாருக்கு என்ன ஆச்சு?"

"மாமா, சிஸ்டர். நேத்து காலைல."

அவர் மூச்சை விட்டார். அந்தப் பெரிய கைகள் இரண்டும் தளர்ந்து பக்கத்தில் தொங்கின. ஒரு கணம் அவர் முகத்தில் நிம்மதி வந்தது, என் கண்ணுக்கு நேராக, ஒளித்துவைக்க நேரமில்லாமல். அதற்குப் பிறகுதான் ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, "ஐயா" என்று சொல்லி அழத் தொடங்கினார்.